படையா, கரப்பானா? களிம்பு மறைக்கும் அடையாளங்கள்

தமிழில் ‘படை’ என்னும் சொல்லுக்குச் சேனை என்னும் பொருளும் உண்டு. அடுக்கு என்னும் பொருளும் உண்டு. தோலிற் படரும் நோய் என்னும் பொருளும் உண்டு. நோய் என்னும் பொருளில் வருங்கால் அச்சொல் தனித்து நிற்பதில்லை. படர்தாமரை, வண்டுகடி, தேமல், கரப்பான், சொறி, சிரங்கு எனப் பல பெயர்கள் அதனைச் சூழ நிற்கின்றன. மருத்துவ நூல் கல்லாத மூதாட்டியரும் இவற்றைப் பெரும்பாலும் பிழையின்றி இனங்கண்டனர். ஓரம் தடித்து வட்டமாய்ப் பரவினால் படர்தாமரை. மார்பிலும் முதுகிலும் தவிடு ஒட்டினாற்போல் வெளிறிய பொட்டுகள் தோன்றினால் தேமல். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தோல் வறண்டு, வெடித்து, நீர் கசிந்து அரித்தால் கரப்பான். இன்று அவ்வாறு இனங்காண்பது எளிதாக இல்லை. நோய்களின் இயல்பு அடியோடு மாறிவிட்டது என்பதன்று காரணம். அறிந்தவர் ஒருவர் பார்ப்பதற்கு முன்னரே நோயின்மேல் ஒரு களிம்பு பூசப்பட்டுவிடுகிறது. அக்களிம்பு அடையாளங்களை அழித்துவிடுகிறது.

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் தென்சீனக் கடலை நோக்கியிருக்கும் மெர்சிங் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொண்டுவந்து கொட்டும். துவைத்த துணியில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. செம்பனைத் தோட்டத்தில் உழைப்பவரின் கால்கள் ரப்பர்க் காலணிக்குள் நாள் முழுதும் வியர்வையில் ஊறும். மீன்பிடிப்பவருக்கோ உடையெல்லாம் உப்பு நீர். பூஞ்சை வளர்வதற்கு இதைவிட உகந்த இடம் வேண்டுவதில்லை. தோல் மருத்துவப் பிரிவுள்ள சுல்தானா அமினா மருத்துவமனை, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் ஜொகூர் பாருவில் இருக்கிறது. அண்டை வீட்டார் தரும் பாதிக் குழாய்க் களிம்போ கை நீட்டும் தொலைவில் இருக்கிறது. மக்கள் எதனை நாடுவர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் ஆண்டில் பயிலும் மாணவன் ஒருவனின் கழுத்தோரத்தில் ஐம்பது காசு அளவில் ஒரு வட்டம் தோன்றுவதாகக் கொள்வோம். ஓரம் சற்றுத் தடித்துச் செதில் உதிர்கிறது, நடுவிடம் தெளிந்திருக்கிறது, அரிப்பு மிகுதி. தந்தையின் கரப்பானுக்கென்று எப்பொழுதோ மருத்துவர் கொடுத்த களிம்பு வீட்டில் இருக்கிறது. இரவில் தாய் அதனைப் பூசுகிறாள். காலையில் அரிப்பு இல்லை. மூன்றாம் நாள் சிவப்பும் தணிகிறது. ‘கைகண்ட மருந்து’ என்று குழாய் பத்திரப்படுத்தப்படுகிறது. பூச்சு நின்ற சில நாட்களில் வட்டம் முன்னிலும் பெரிதாகத் திரும்புகிறது. மீண்டும் பூச்சு, மீண்டும் தணிவு. இவ்வாறு ஓரிரு மாதங்கள் கழிந்தபின் பார்த்தால் வட்டமே இல்லை. ஓரம் அழிந்து, செதில் மறைந்து, கழுத்திலிருந்து தோள்வரை கலங்கிய செம்மையும் இடையிடையே சிறு கொப்புளங்களுமாகக் காட்சியளிக்கிறது. ஒருவர் கரப்பான் என்கிறார். இன்னொருவர் ஒவ்வாமை என்கிறார். கருவாடும் கத்தரிக்காயும் உணவிலிருந்து விலக்கப்படுகின்றன. தம்பியின் இடுப்பில் புதிதாய் ஒரு வட்டம் தோன்றும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது.

இந்த மறைவடிவத்தை 1968-ஆம் ஆண்டில் ஐவ், மார்க்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விளக்கினர். ‘டினியா இன்காக்னிட்டோ’ என்று அதற்குப் பெயரும் இட்டனர். மாறுவேடம் பூண்ட படை என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது. வேடம் போட்டுவிட்டது களிம்பு.

களிம்பின் இயல்பு

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அண்ணீரகச் சுரப்பிகள் சுரக்கும் இயக்குநீர்களுள் ஒரு வகையே ஸ்டீராய்டு மருந்துகளுக்கு மூலம். 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் ஃபிலிப் ஹென்ச் என்பார் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோனைக் கொடுத்துப் பெரும்பயன் கண்டார். 1950-இல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தோலின்மேல் பூசினால் கார்ட்டிசோன் பயன்தரவில்லை. அதன் நெருங்கிய உறவான ஹைட்ரோகார்ட்டிசோன் பயன்தரும் என்பதைச் சல்ஸ்பெர்கரும் விட்டனும் 1952-இல் காட்டினர். அதன்பின் வேதியியலார் பன்மடங்கு வலிய பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் முதலியவற்றை ஆக்கித் தந்தனர்.

இம்மருந்து கிருமியைக் கொல்வதில்லை. உடல் எழுப்பும் எதிர்ப்பையே அடக்குகிறது. சிவப்பும் வீக்கமும் அரிப்பும் அந்த எதிர்ப்பின் அறிகுறிகளாதலால் அவை அடங்குகின்றன. உடலின் எதிர்ப்பே நோயாகிவிட்ட கரப்பானில் இஃது உற்ற மருந்து. பூஞ்சை நோயில், காவலனை உறங்கவைத்துவிட்டுக் கள்வனுக்குக் கதவு திறப்பதாக முடிகிறது. வெப்ப நாடுகளில் பல தலைமுறை வழங்கிவந்த விட்ஃபீல்டு களிம்பு பூசினால் எரியும். பிள்ளைகள் அதனைக் கண்டால் ஓடுவர். சீமையகத்தித் தழையை அரைத்துத் தேய்த்தாலும் இதமாக இராது. (மலாய் மக்கள் கெலெங்காங் என்று அழைத்துப் படைக்குப் பயன்படுத்துவதும் இத்தழையையே.) எரியும் மருந்தை வெறுத்த மக்கள் இதமளிக்கும் மருந்தை நம்பியது இயல்பே. ஆயினும் படையைப் பொறுத்தவரை இதம் வேறு, குணம் வேறு.

குழாயின்மேல் அச்சிட்ட எண்ணும் ஏமாற்றும். ஹைட்ரோகார்ட்டிசோன் 1 விழுக்காடு என்றும் குளோபெட்டசோல் 0.05 விழுக்காடு என்றும் எழுதியிருந்தால், கணக்குப் பயின்ற எவரும் முன்னதே வலியது என்பர். உண்மை நேர்மாறானது. முன்னது மிக மென்மையான வகுப்பைச் சேர்ந்தது. பின்னது மிக வலிய வகுப்பைச் சேர்ந்தது. மருந்தின் பெயரைப் பாராமல் எண்ணை மட்டும் பார்ப்பது, ஒன்று பெரிதா நூறு பெரிதா என்று கேட்டுவிட்டு, ரிங்கிட்டா காசா என்று கேளாமல் விடுவதைப் போன்றதாகும்.

பூசும் இடமும் கருதத்தக்கது. ஃபெல்ட்மன், மெய்பாக் என்னும் இருவர் 1967-இல் அளந்து கண்டபடி, முன்கைத் தோல் ஒரு பங்கு ஹைட்ரோகார்ட்டிசோனை உள்வாங்கினால் நெற்றித் தோல் 6 பங்கும் தாடைத் தோல் 13 பங்கும் உள்வாங்குகின்றன. உள்ளங்காலோ ஏழில் ஒரு பங்கே வாங்குகிறது. காலுக்கென்று கொடுத்த மருந்தை முகத்திற் பூசுவோர் இதனை அறிந்தால் கை நடுங்குவர்.

பிரித்தறியும் வழி

மாறுவேடப் படையைக் கரப்பானிலிருந்து பிரித்தறிய முதலில் கேட்கவேண்டியது, ‘என்ன பூசினீர்கள், எத்தனை நாள்?’ என்பதே. பூசினால் தணிந்து நிறுத்தினால் முன்னிலும் அகன்று திரும்புவது படையின் போக்கு. ஆனால் நிறுத்தினால் திரும்புவது கரப்பானுக்கும் உண்டு. ஆதலால் அகன்று செல்கிறதா, பழைய மடிப்புகளிலேயே நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பிள்ளைகளின் கரப்பான் பெரும்பாலும் இரு கைகளிலும் இரு கால்களிலும் ஒத்து வரும். கைக்குழந்தைப் பருவம் முதலே வந்து போகும். குடும்பத்தில் இரைப்பு, தும்மல் உடையோர் இருப்பர். படை ஒருபுறமாக வரும்; ஓரிடத்தில் தொடங்கி ஊர்ந்து செல்லும்; உடன் உறங்குவோரையும் துண்டைப் பகிர்வோரையும் பற்றும். ஓரம் முற்றும் அழிந்ததுபோல் தோன்றினாலும், பரவலின் வெளி எல்லையில் எங்கேனும் ஒரு துண்டு வளைவு எஞ்சியிருப்பதுண்டு. பகல் வெளிச்சத்தில் சாய்வாக நோக்கினால் அது புலப்படும். நாணய வடிவில் வரும் ஒருவகைக் கரப்பானும் உண்டு. அதில் வட்டத்தின் நடுவிடம் தெளிந்திராது. முழுவதும் பொருக்காக இருக்கும்.

ஐயம் தீர்க்கும் சோதனை எளியது. ஓரத்துச் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டு நுண்ணோக்கியிற் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் தெரியும். ஸ்டீராய்டு பூசிய தோலில் அவை மிகுதியாகவே காணப்படும். தடுப்பாரின்றிப் பெருகியவை அல்லவா? பூஞ்சைக்கொல்லிக் களிம்பைச் சில நாள் பூசிவிட்டுச் சோதனைக்குச் சென்றால் இழைகள் அகப்படாமல் போகலாம். அதனையும் மருத்துவரிடம் மறையாமல் சொல்லுதல் வேண்டும்.

மலேசியாவுக்கே உரிய ஒரு குழப்பத்தையும் இங்கே குறிப்பிடலாம். ஸ்டீராய்டு பூசிய படையிற் சிலபோது வட்டத்திற்குள் வட்டமாக இரண்டு மூன்று வளையங்கள் எழும். பூச்சு நிற்கும்போதெல்லாம் பூஞ்சை புதிதாய் ஒரு வளையம் தொடங்குவதாக எண்ணலாம். ஆனால் எந்தக் களிம்பும் பூசாமலே, மரத்தின் ஆண்டு வளையம்போல் உடல் முழுதும் அடுக்கு வளையங்களை உண்டாக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. அது டிரைக்கோஃபைட்டன் கான்சென்ட்ரிக்கம் எனப்படும். மலாயாவின் பழங்குடி மக்களிடையே இந்நோய் காணப்பட்டதை ஐவன் பொலூனின் என்னும் மருத்துவர் 1952-இல் எழுதியுள்ளார். காட்சி ஒன்று, காரணம் இரண்டு. ‘என்ன பூசினீர்கள்?’ என்னும் கேள்வியே இங்கும் வழிகாட்டும்.

சொறியும் இவ்வாறே வேடம் மாறும். இரவில் மிகும் அரிப்பு, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு பருக்கள், வீட்டிலோ விடுதியிலோ பலருக்கும் ஒருங்கே வருதல் ஆகியவை சொறிப்பூச்சியின் அடையாளங்கள். ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும். விடுதி மாணவர் ஐவருக்கு ஒரே வாரத்தில் ‘கரப்பான்’ வந்தால் அது கரப்பானன்று எனக் கொள்வதே அறிவுடைமை. கரப்பான் தொற்றுவதில்லை.

முகத்தில் நிகழ்வன

இனி முகம். இங்கே களிம்பு மற்றொரு நோயை மறைப்பதோடு நில்லாமல், தானே நோய்களை உண்டாக்குகிறது. அவையும் ஒன்றுபோல் தோன்றுவன. முகத்திலும் மார்பிலும் எல்லாம் ஒரே அளவினவாய், ஒரே பருவத்தினவாய்ப் பருக்கள் திடீரெனக் கிளம்பினால் அது ஸ்டீராய்டுப் பரு. இளமையில் வரும் இயல்பான பருவிலோ கருமுள், வெண்முள், சீழ்ப்பரு எனப் பலவும் கலந்திருக்கும். வாயைச் சுற்றிச் சிறு செம்பருக்கள் மண்டி, உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய கோடுமட்டும் தெளிவாக விடுபட்டிருந்தால் அது வாய்சூழ் அழற்சி. கன்னம் சிவந்து, நூலிழை போன்ற குருதிநாளங்கள் தெரிந்து, வெயிலிலும் அடுப்பருகிலும் எரிச்சல் மிகுந்தால் அது மற்றொன்று. மூன்றிலும் நோயாளி சொல்வது ஒன்றே: ‘அந்தக் களிம்பைப் பூசினால்தான் அடங்குகிறது.’ அடங்குவதே பொறி. அடங்குவதற்காகப் பூசப் பூசத் தோல் மெலிகிறது.

இக்கேட்டின் பரப்பை இந்தியாவிற் காணலாம். 12 மருத்துவ நிலையங்களில் முகத்தோல் நோயுடன் வந்த 2926 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட அறிக்கையில், 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பு பூசிவந்தமை தெரிந்தது. அவர்களுள் 29 விழுக்காட்டினர் அதனை நோய்க்காகப் பூசவில்லை. முகம் வெளுக்கவும், பொதுப்பூச்சாகவும், சவரத்திற்குப் பின்னும் பூசினர். களிம்பு குருதிநாளங்களைச் சுருக்குவதால் தோல் வெளிறும். அவ்வெளிறலை அழகென்று கொண்டனர். பாதிக்கு மேற்பட்டோருக்கு அதனைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். கௌஷிக் லாஹிரி, அரிஜித் கூண்டு முதலிய மருத்துவர்கள் ‘ஸ்டீராய்டாற் கெட்ட முகம்’ என்று இதற்குத் தனிப்பெயரே வழங்கினர். கறுப்பைக் குறையெனக் கருதும் மனப்பான்மை நம்மவரிடையே இருக்கும்வரை இக்களிம்புக்கு வாணிகம் குறையாது.

படையின் நிலை இதனினும் கொடிது. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் கலந்த களிம்புகள் அங்கே பெருவழக்காயின. அதே காலத்தில் வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்கு மசியாத படையும் பரவியது. அப்பூஞ்சைக்கு 2020-இல் டிரைக்கோஃபைட்டன் இந்தோதினியே என்று பெயரிட்டனர். 2023-இல் அது நியூயார்க்கிலும் கண்டறியப்பட்டது. இந்தியத் தோல் மருத்துவர் பலர் இப்பரவலுக்குக் கலப்புக் களிம்பையும் ஒரு காரணமாகச் சொல்கின்றனர். 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என இந்திய அரசு ஆணையிட்டது.

நிறுத்தியபின் வருவது

நெடுநாள் வலிய களிம்பைப் பூசியவர் திடுமென நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ தோல் தீப்பட்டாற்போல் சிவந்து எரிவதுண்டு. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021-இல் இதனைக் குறித்து எச்சரித்தது. கரப்பான் மீண்டும் மூண்டதாகவே இது தோன்றும். வேறுபாடு எங்கே? கரப்பானில் முந்தி நிற்பது அரிப்பு. இதில் முந்தி நிற்பது எரிச்சல். கரப்பான் தன் பழைய இடங்களிற் கிளம்பும். இஃது அவ்விடங்களைத் தாண்டி முகத்திலும் கையிலும் பரவும். கை முழுதும் சிவந்து உள்ளங்கைமட்டும் விடுபட்டு, சிவப்புச் சட்டைக் கை அணிந்ததுபோலத் தோன்றுவதும் உண்டு. மருத்துவர்க்கே ஐயம் தரும் நிலை இது. வீட்டிலிருந்து தீர்மானிக்கத் தக்கதன்று.

இவற்றையெல்லாம் கேட்டு ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கே அஞ்சுவோர் உளர். அவ்வச்சமும் கேடே. உண்மையான கரப்பானால் இரவெல்லாம் சொறிந்து, காலையில் வகுப்பில் தலைசாய்ந்து உறங்கும் பிள்ளைக்கு மருத்துவர் அளவிட்டுக் கொடுத்த களிம்பைத் தாய் ஒளித்து வைப்பாளாயின், அப்பிள்ளைக்கு இழைக்கும் தீங்கு சிறிதன்று. அளவும் எளிதே. சுட்டுவிரலின் நுனிமுதல் முதற்கோடுவரை பிதுக்கும் களிம்பு ஏறத்தாழ அரைக் கிராம். அது வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். இவ்வளவு, இவ்விடம், இத்தனை நாள் என்று வரையறுத்துப் பூசிய களிம்பால் மேற்சொன்ன கேடுகள் நேர்வது அரிது.

வெளிறிய பொட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். வலிய களிம்பு பூசிய இடம் வெளிறிப் போவதுண்டு. பூச்சு விழுந்த எல்லையோடு அது நிற்கும். பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலாய்த் தோன்றும் வெளிறிய திட்டுகளுக்கு வயிற்றுப் பூச்சிமீது பழி போடுவது நம் வழக்கம். அது பெரும்பாலும் மென்மையான கரப்பானின் சுவடே. தேமலைச் சுரண்டினால் தவிடு உதிரும். ஆனால் வெளிறிய திட்டில் உணர்ச்சி குன்றியிருந்தால் காத்திருத்தல் ஆகாது. பிள்ளையைக் கண்ணை மூடச்சொல்லிப் பஞ்சு நுனியால் அவ்விடத்தையும் அருகையும் மாற்றிமாற்றித் தொடும்போது, தொட்ட இடத்தைச் சுட்ட இயலாவிடில் தொழுநோயா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். பிள்ளைகளின் முகத்தில் உணர்ச்சி எளிதிற் குன்றுவதில்லை. ஆதலால் அங்கே நெடுநாள் மாறாத திட்டுக்கு இச்சோதனையை மட்டும் நம்பலாகாது. சுங்கை பூலோ குடியிருப்பு 1930-இல் திறக்கப்பட்ட காலத்து அச்சம் இன்று வேண்டியதில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ கூட்டு மருந்து உட்கொண்டால் குணமாகும் நோய் அது. களிம்பு பூசிக் காலங்கடத்தினால் நரம்பு கெடும்.

மருத்துவரிடம் செல்லுங்கால் பழைய குழாயையும் உடன் கொண்டுசெல்லுதல் வேண்டும். மலேசியாவிற் பதிவுபெற்ற மருந்தின்மேல் ‘எம்.ஏ.எல்.’ என்னும் மூன்று எழுத்தும், எட்டு இலக்கமும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். இறுதி எழுத்து ‘ஏ’ எனில் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. ‘டி’ எனில் மரபு மருந்து. அழகுப்பொருள்களுக்கு இவ்வெண் இராது. அறிவிப்பு எண் ஒன்றே இருக்கும். அவ்வாறு அறிவிக்கப்பட்ட முகப்பூச்சுகள் சிலவற்றிலும் பீட்டாமெத்தசோன் வேலரேட், பாதரசம், ஹைட்ரோகுவினோன் முதலியன கலந்திருந்தமை கண்டு, தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அறிவிப்பை நீக்கிப் பெயர்களை வெளியிட்டு வருகிறது. சந்தையில் வாங்கிய சீட்டில்லாச் சிறு டப்பியானாலும் எறியாமல் கொண்டுசெல்வது நலம். டப்பியில் என்ன இருந்தது என்பது தெரியாவிடினும், அது எவ்வளவு விரைவில் இதம் தந்தது என்பதிலிருந்தே மருத்துவர் பாதியை ஊகித்துவிடுவார்.